அரிசிக் கணக்கு

ஒரு மாதர் சங்கத்தின் சரித்திரத்தை எழுத உட்காருகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது நடவடிக்கைக் குறிப்புப் புத்தகத்தைத்தான். எங்கள் பேச்சில் அது மினிட் புத்தகம். சிவப்புக் காலிகோ அட்டையும், பக்கத்துக்குப் பக்கம் அக்கிராசனாதிபதியின் கையொப்பமுமாக அது அலமாரியில் நிற்கிற கம்பீரத்தைப் பார்த்தால், சரித்திரம் என்பது வேறெங்கே இருக்கமுடியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். திருவல்லிக்கேணியில் ஒரு சிறிய சங்கத்துக்கு முப்பது வருஷத்துக்கு மேல் காரியதரிசியாக இருந்து, அப்படிப்பட்ட புத்தகங்களில் ஏழினை என் கையாலேயே எழுதி நிரப்பியவள் என்ற உரிமையில் சொல்லுகிறேன்: அந்தப் புத்தகத்தை மட்டும் நம்பி எழுதப்படும் சரித்திரத்தில் சங்கம் செய்த வேலை அநேகமாக இராது.

மினிட் எழுதுவது ஒரு வித்தை என்பதை நான் மறுக்கவில்லை. விசேஷ விருந்தாளிக்குக் கொடுத்த காப்பியின் செலவைச் சங்கம் ஏற்பதா, அழைத்தவர் ஏற்பதா என்று ஒன்றரை மணி நேரம் நடந்து, இரண்டு பேர் கண் கலங்கி, ஒருவர் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுப் போன ஒரு விவகாரத்தை, ‘நீண்ட விவாதத்துக்குப் பின் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்ற ஒரே வரியில், புறப்பட்டுப் போனவரே மறு மாதம் படித்துக் கையெழுத்துப் போடும்படியாக எழுதுவதற்குப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் எனக்குக் கைவந்தபோது நான் பெருமைப்பட்டதும் உண்டு. ஆனால் ‘தீர்மானிக்கப்பட்டது’, ‘விநியோகிக்கப்பட்டது’, ‘நடத்தப்பட்டது’ என்ற இந்த வினைகளை வாய்ப்பேச்சில் எந்தப் பெண்பிள்ளையும் உபயோகிப்பதில்லை. செய்தவளின் பெயரைச் சொல்லாமல் காரியத்தை மட்டும் சொல்லுவதற்கென்றே அவை ஏற்பட்டிருக்கின்றன. நாற்பது பேருக்குச் சமைத்து, பாத்திரம் தேய்த்து, கரி படிந்த கையோடு வீடு திரும்பிய நால்வர், மறுநாள் காலை மினிட் புத்தகத்தில் ‘அன்னம் வழங்கப்பட்டது’ என்று ஆகிவிடுகிறார்கள்.

1955ல் நான் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்தபோது சங்கத்துக்குப் பதினேழு வயது. 1860ஆம் வருஷத்துச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். எங்கள் ஏழு பேரில் ஐவர் தம் பெயருக்குப் பதிலாகத் தம் கணவர் பெயருக்கு முன்னால் ‘மிஸஸ்’ சேர்த்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். என் மாமியார் அந்த ஏழு பேரில் ஒருவர் அல்ல. அவர் கூட்டங்களில் வாய் திறந்ததாகவும் எந்த மினிட்டிலும் இல்லை. அவர் வசம் இருந்தது பிடியரிசி.

இந்தக் காலத்துப் பெண்களுக்கு அதை விவரித்தாக வேண்டும். காலையில் உலைக்கு அரிசி களையுமுன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டுவிடுவது. அவ்வளவுதான் தர்மம். வெள்ளிக்கிழமை பிற்பகல், சாப்பாடும் எச்சிலிடுவதும் முடிந்து காப்பி அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்தில், இரண்டு பேராகச் சேர்ந்து வீடு வீடாகப் போய் அதை வாங்கி வரவேண்டும். இரண்டு பேர் போவது துணைக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் வெள்ளியன்று என் கையில் இரண்டு பைகளைக் கொடுத்து மாமியார் சொன்னார்: “ஒண்ணு பச்சரிசிக்கு, ஒண்ணு புழுங்கலுக்கு. கலந்துடுத்துன்னா அந்த அரிசி சோத்துக்கு ஆகாது, ஞாபகம் வச்சுக்கோ.” பச்சரிசி குழைந்து கூழாகிற நேரத்தில் புழுங்கல் விதைவிதையாக நிற்கும், இரண்டும் ஒரு பானையில் வேகாது. என்ன ஜாக்கிரதையாக இருந்தாலும் வாரத்துக்கு இரண்டு ஆழாக்காவது கலந்தே தீரும்; அதை ஒதுக்கிவைத்து, துவரையும் கடலையும் சேர்த்து நனைத்து அரைத்து, சனிக்கிழமைகளில், சங்கம் சாப்பாடு போட்டுவந்த குழந்தைகளுக்கு அடையாக வார்த்துவிடுவார்கள். அடைக்கு இரண்டரிசியும் கலந்தால்தானே ருசி? குழந்தைகள் சனிக்கிழமைக்காகக் காத்திருந்ததற்குக் காரணம் நாங்கள் செய்த தப்பு என்பது அவர்களுக்குத் தெரியாது.

வந்த அரிசியை அன்றே முறத்தில் புடைத்து, கல் பொறுக்கி, வண்டு வைக்காமலிருக்க உலர்ந்த வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு வைக்கவேண்டும். புடைக்கும்போதே எந்த வீட்டு அரிசி எது என்று மாமியாருக்குத் தெரிந்துவிடும். நல்ல அரிசியைத் தாங்கள் வைத்துக்கொண்டு நொய்யைப் போடுகிற வீடும் உண்டு. ஒரு வேளைக்கே அளந்து வாங்குகிற வீட்டிலிருந்து நெல்மணி ஒன்றுகூட இல்லாமல் முத்து முத்தாக வருவதும் உண்டு. இதைப்பற்றி அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் செய்ததெல்லாம் எழுதியதுதான். நீளவாட்டில் தைத்த ஒரு கணக்கு நோட்டு. இடது ஓரத்தில் வீடு. பெயரல்ல, ‘மாடிப்படியாம்’, ‘கோடியாத்துப் பாட்டி’, ‘கிணத்தடி’ என்ற அடையாளம். பக்கத்தில் பச்சை, புழுங்கல், படி, ஆழாக்கு. அரிசி வராத வாரத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடமாட்டார், காரணம் எழுதுவார். ‘ஊரில் இல்லை.’ ‘பிரசவம்.’ ‘சம்பளம் வரவில்லை.’ ஒரு வீட்டுக்கு நேரே தொடர்ந்து ஐந்து வாரம் ‘கோபம்’ என்றிருந்தது. அதே மாதத்து மினிட்டைப் புரட்டிப் பார்த்தேன். ‘நிர்வாகக் கமிட்டி திருத்தி அமைக்கப்பட்டது’ என்று நான்கே வார்த்தைகள். ஆறாவது வாரம் அந்த வீட்டிலிருந்து ஒரு படி வந்திருக்கிறது. யார் போய்ச் சமாதானம் பேசியது என்பது இரண்டு புத்தகத்திலும் இல்லை.

1942 ஏப்ரல் முதல் வாரத்தில் ஜப்பானியர் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டதைத் தொடர்ந்து, சென்னையை விட்டுப் போகக்கூடியவர்கள் போய்விடலாம் என்று சர்க்கார் அறிவித்ததும், நகரத்தில் பெரும்பகுதி காலியானது. எங்கள் மினிட் புத்தகம் அந்த வருஷம் மார்ச்சில் நின்று, மறு ஜனவரியில், ‘தவிர்க்கமுடியாத காரணங்களால் இடைக்காலத்தில் கூட்டங்கள் நடைபெறவில்லை’ என்று ஆரம்பிக்கிறது. அதைப் படிக்கிறவன் சங்கம் பத்து மாதம் மூடிக்கிடந்ததாகத்தான் எழுதுவான். அரிசி நோட்டிலோ வாரம் தவறாமல் பென்சிலில், மாமியாருடையதல்லாத ஒரு கோணல் கையெழுத்தில், நான்கு வீடு, மூன்று வீடு, மறுபடி நான்கு வீடு என்று கணக்கு ஓடுகிறது. விசாரித்தபோது, “அவா ஆத்துக்காரர் தந்தி ஆபீஸ். ஊரைவிட்டுப் போக உத்தரவு இல்லை. போகாத குழந்தைகளும் இருந்ததோல்லியோ?” என்றார் மாமியார். அந்த அம்மாள் கமிட்டியில் ஒருநாளும் இருந்ததில்லை.

இது எங்கள் சிறு சங்கத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று நான் எண்ணவில்லை. சென்னையில் மாதர் சங்கங்களுக்கெல்லாம் மூத்தவற்றுள் ஒன்று, 1912ல் சகோதரி சுப்புலக்ஷ்மி தொடங்கிய சாரதா மகளிர் சங்கம். பால்ய விதவையாகி, முந்திய வருஷம்தான் பி.ஏ. தேறியிருந்த அவர், தம்மைப்போன்ற பெண்களை எழும்பூரில் தம் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்ததும், பிறகு அந்த இல்லம் கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்குப் போனதும், 1922ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி உண்டானதும், முதுமையிலும் ஓயாமல் 1956ல் மயிலாப்பூர் மகளிர் சங்கத்தின் மூலமாக வித்யா மந்திர் பள்ளி தொடங்கியதும் எல்லோரும் எழுதுகிற விஷயம். ஆனால் தாமும் விதவையாக இருந்து, அந்தப் பெண்களுக்கு வீட்டுத் தாயாராகக் கூடவே இருந்த அவருடைய சித்தி வாலாம்பாளைப்பற்றி ஒரு பாராவுக்கு மேல் எழுதினவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. இருபது பெண்களுக்கு இரண்டு வேளை உலை கொதிக்காவிட்டால் எந்தப் பெண் பரீட்சைக்குப் போயிருப்பாள்?

அடையாறில் 1917 மே மாதம் ஆரம்பித்த இந்திய மாதர் சங்கம் இந்த விஷயத்தில் சற்று அதிர்ஷ்டசாலி. அன்னி பெஸன்ட் தலைமையில், மார்கரெட் கஸின்ஸும் டாரதி ஜினராஜதாஸாவும் முன்னின்று நடத்திய அந்தச் சங்கத்துக்கு ‘ஸ்திரீ தர்மம்’ என்று ஒரு பத்திரிகை இருந்தது. 1917 டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகுவிடம் ஓட்டுரிமை கேட்டுப் போன தூதைப்பற்றியும், 1921ல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுக் கிடைத்ததைப்பற்றியும் எழுதின அதே பத்திரிகை, சிற்றூர்க் கிளைகளிலிருந்து வரும் தையல் வகுப்புச் செய்தியையும் வாசிப்பு வகுப்புச் செய்தியையும் அலட்சியம் செய்யாமல் அச்சிட்டது. ஆனபோதிலும் மறதிக்கு அதுவும் தப்பவில்லை. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பெயரோடு டபிள்யூ.ஐ.ஏ. என்று மூன்று எழுத்துக்கள் சேர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அந்தச் சங்கத்தின் மூலமாக நிதி திரட்டி, 1954ல் 12 படுக்கைகளோடு திறந்தது அந்த ஆஸ்பத்திரி. அந்த மூன்று எழுத்துக்கள் ஒரு மாதர் சங்கத்தின் பெயர் என்று, அதன் வாசலில் ஆட்டோவில் வந்து இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் கதைக்கு வருகிறேன். 1953ல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல போர்டு ஏற்பட்டு, எங்களைப்போன்ற சங்கங்களுக்கு மான்யம் வர வழி பிறந்தது. அதைக் குறை சொல்லும் நன்றிகெட்டவள் அல்ல நான். அந்தப் பணம் இல்லாவிட்டால் பால்வாடிக்கு ஓடு போட்டிருக்கமுடியாது. ஆனால் மான்ய விண்ணப்பத்தில் அரிசிக்குக் கட்டம் இல்லை. ஓர் ஆபீஸிலிருந்து எங்கள் கணக்கைத் திருப்பியனுப்பி, பிடியரிசிக்கு ரசீது எங்கே என்று கேட்டார்கள். அறுபது வீட்டு அரிசியை ரூபாயாக மதிப்பிட்டு எழுதக் கற்றுக்கொண்டேன். பிறகு அதைவிட மாதம் ஒரு ரூபாய் சந்தா வாங்கிவிடுவது சுலபம் என்று தோன்றிற்று. 1957ல் அணா நயா பைசாவானது, அடுத்த சில வருஷங்களில் படி கிலோவாயிற்று. 1963ல் அரிசி நோட்டே நின்றுபோயிற்று. நிறுத்தியது நான். கணக்கு சுத்தமாயிற்று, உண்மை. ஒரு ரூபாய் கொடுக்க முடியாமல் ஒரு பிடி கொடுத்துக்கொண்டிருந்த பதினோரு வீடுகளும் அத்தோடு சங்கத்தைவிட்டு விலகிப்போயின என்பது, இப்போது வைர விழா மலருக்குச் சரித்திரம் எழுதுவதற்காக நோட்டையும் சந்தாப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு மினிட்டில் நான் எழுதியது, ‘நிதி வசூல் முறை சீர்திருத்தப்பட்டது’.

இன்னொன்றும் அப்போதுதான் பார்த்தேன். பால்வாடி ஆயாவின் சம்பளப் பட்டுவாடாப் புத்தகத்தில் மாதாமாதம் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை. அந்த அம்மாளும் இன்னும் சிலரும் வந்துகொண்டிருந்த இரவு எழுத்து வகுப்பை, ‘போதிய ஆதரவின்மையால்’ நிறுத்திவைப்பதாக 1959 மார்ச் மாதத்துத் தீர்மானம் சொல்லுகிறது. வருஷாந்திர அறிக்கையிலும் அதைச் சங்கத்தின் தோல்விகளில் ஒன்றாகவே குறித்திருக்கிறார்கள். அந்த வருஷம் ஆகஸ்டு மாதச் சம்பளத்துக்கு நேரே ரேகை இல்லை. கட்டத்துக்குள் அடங்காமல், கடைசி எழுத்து அடுத்தவர் கட்டத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்க, முழுப் பெயர் இருக்கிறது. வகுப்பு மூடின பிறகு யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? முப்பது வருஷம் சங்கத்தில் அவரோடு இருந்தும், அந்தக் கையெழுத்தை நான் கவனித்ததில்லை. கேட்க இப்போது அவர் இல்லை. எங்கள் சங்கத்து அம்மாமார்களில் அநேகர் இரண்டு மூன்று தெருக்களில், ஒரே மாதிரி வீடுகளில் வாழ்ந்தவர்கள்; ஆயா அந்த வட்டத்தைச் சேர்ந்தவர் அல்ல. கலெக்டரின் மனைவிக்கு வந்தனோபசாரத் தீர்மானம் பதினான்கு தடவை நிறைவேற்றியிருக்கிறோம். ஆயாவுக்கு ஒரு தடவையும் இல்லை. பட்டுவாடாப் புத்தகம் இல்லாவிட்டால் அவர் இருந்ததற்கே எங்களிடம் அத்தாட்சி கிடையாது.

ஆகையால் மலருக்கு நான் எழுதிக்கொடுத்த சரித்திரத்தில் தீர்மானங்கள் குறைவு, அரிசி அதிகம். இளைய காரியதரிசிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. “தலைவர்கள் பெயர் வரிசையா வரணுமே, மாமி” என்றாள். கடைசிப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியோ அத்தையோ வைத்துவிட்டுப் போன இப்படிப்பட்ட கணக்கு நோட்டுகள் இருந்தால், பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். 1974ல் சங்கத்தை ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு மாற்றியபோது, மினிட் புத்தகங்களைப் பட்டுத்துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு ரிக்ஷாவில் போன நான், இடம் போதவில்லை என்று 1947 முதல் 1951 வரைக்குமான அரிசி நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டேன். அந்தப் பணத்தில் ஒரு பெருக்குமாறும் இரண்டு பூட்டும் வாங்கியதாக என் கையெழுத்திலேயே செலவுக் கணக்கு இருக்கிறது. சுதந்திர தினத்தன்று சங்கத்தில் கொடியேற்றியது யார், பிரார்த்தனை பாடியது யார் என்பதெல்லாம் மினிட் புத்தகத்தில் விவரமாக இருக்கிறது. அன்று எத்தனை குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டோம் என்பது எங்களிடம் இல்லை.