ஒண்ணும் செய்யாது

வேலூர் கோட்டைப் பூங்காவில் காலை நடை போகிறவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானது. நாய் பாய்ந்து வரும். பின்னால் வருபவர் சிரித்தபடி, "பயப்படாதீங்க, ஒண்ணும் செய்யாது" என்பார்.

நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றபின், மணி என்ற நாட்டு நாய்தான் எனக்குத் துணை. நல்ல தோல் வார் வீட்டில் ஆணியில் தொங்கும். மணி அவிழ்த்தபடியே என்னோடு வருவான்.

ஒரு நாள் எதிரே வந்த ஒரு பெரியம்மா மேல் விளையாட்டாகத் தாவினான். கடிக்கவில்லை. அவர் தடுமாறி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. செலவை நான் ஏற்றுக்கொண்டேன். "பணம் கிடக்கட்டும் தம்பி, இனி அந்தப் பக்கம் வரவே பயமா இருக்கு" என்றார்.

2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு பகுதிப் பூங்காவில், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. உரிமையாளர் கைதானார். பொது இடத்தில் நாய்க்கு வாரும் வாய்மூடியும் வேண்டும் என்று சென்னை மாநகராட்சி அறிவித்தது. வளர்ப்பு மிருகத்தை அலட்சியமாக விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

நம் நாய் நமக்குத்தான் செல்லம். எதிரே வருபவருக்கு அது வெறும் நாய்.

இப்போது மணி வாரோடுதான் வருகிறான். அந்த அம்மாவைத்தான் இன்னும் பூங்காவில் காணோம்.