கை தொடாத சேலை

சேலை எடுப்பது எங்கள் வீட்டில் நான்கு பேர் கூடிச் செய்யும் காரியம். அம்மா முந்தானையை விரிக்கச் சொல்வார். சித்தியோ துணியை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, "கஞ்சி போனா ஒண்ணும் மிஞ்சாது" என்று ஒதுக்கிவிடுவார். கண்ணைவிடக் கையை நம்பியவர்கள். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது முதலில் தடை வந்தது அந்தக் கைக்குத்தான்.

தொடக்க வாரங்களில் இணைய நிறுவனங்கள் அத்தியாவசியப் பொருள்களை மட்டுமே அனுப்ப முடிந்தது. மே மாதத் தளர்வுகளுக்குப் பின் துணிகளும் வரத் தொடங்கின. வெளியே போகவே வழியில்லை, பெண்களுக்குப் புதுத்துணி எதற்கு என்று கேலி பேசியவர்கள் உண்டு. நானறிந்த பெண்கள் வாங்கியவை பெரும்பாலும் நைட்டிகள். அடுப்படியிலும் நோயாளியின் கட்டிலருகிலும் நாள் முழுதும் நிற்பதற்கான உடை. என் தேவை வேறு. ஆகஸ்டில் எங்கள் கல்லூரியில் இணையவழி வகுப்புகள் தொடங்கின. திரையில் தெரிவது தோளும் முந்தானையும் மட்டுமே என்றாலும், மாணவியர் முன் கசங்கிய சேலையில் தோன்ற மனம் ஒப்பவில்லை.

தோழி ஒரு வாட்ஸ்அப் எண் தந்தாள். மொத்த வியாபாரிகளிடம் படங்களைப் பெற்று, சிறு லாபம் வைத்து விற்கும் பெண்கள் அப்போது பெருகியிருந்தனர். நாள்தோறும் இளம்பிள்ளைச் சேலைகளும் சின்னாளப்பட்டிச் சுங்குடிகளும் படங்களாக வந்து விழுந்தன. மயில்கழுத்து நிறச் சுங்குடி ஒன்றைத் தேர்ந்தேன். விலை 650 ரூபாய். தொட்டுப் பார்க்க முடியாத துணிக்கு இவ்வளவா என்று வாதிட்டேன். "சரிக்கா, 550 குடுங்க" என்று பதில் வந்தது.

கூகுள் பேயில் பணம் அனுப்பும்போது திரையில் பெயர் தெரிந்தது. எங்கள் துறையில் சுயநிதிப் பிரிவில் பணியாற்றியவர். ஏப்ரல் முதல் அவருக்குச் சம்பளம் நிறுத்தப்பட்டிருந்தது என்பது எனக்குத் தெரியும். வருத்தப்பட்டதோடு மறந்தும் போயிருந்தேன். இது அவருடைய புதிய எண். என் எண்ணோ அவரிடம் நிச்சயம் இருந்திருக்கும். துறை அறையில் என்னை 'மேடம்' என்றே அழைத்தவர், வியாபாரத்தில் 'அக்கா' என்ற சொல்லுக்குப் பின்னால் தம்மை மறைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் நற்றிணை நடத்திக்கொண்டிருந்தேன். ஆண்துணை அற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூல் அதில் உவமையாக வருகிறது. உவமையின் நயத்தைப் பல ஆண்டுகள் விளக்கியிருக்கிறேன். அந்த நூலுக்கு அவர்கள் என்ன விலை பெற்றார்கள், யார் பேரம் பேசினார்கள் என்று ஒருமுறையும் யோசித்ததில்லை.

மறுநாள் குறைத்த நூறு ரூபாயை அனுப்பினேன். மாலையில் அது திரும்பி வந்தது. கூடவே ஒரு வரி: "பேசின விலை அதுதானே மேடம்."

பொதியை வழக்கம்போல் ஒருநாள் திண்ணையில் கிடத்திய பிறகே பிரித்தேன். படத்தில் கண்ட மயில்கழுத்து நிறம் நேரில் சற்றுக் கரும்பச்சையாக இருந்தது. விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். சித்தி ஒதுக்கியிருக்க மாட்டார், நல்ல துணி. இன்றும் உடுத்துகிறேன்.