வாசல் திறந்திருந்த வீடு

திண்டிவனம் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டி ஏறியதும் பெரியம்மா ஜன்னலோரத்தைப் பிடித்துக்கொண்டாள். வயது 78. பெரியப்பா போனபின் தனிக் குடித்தனம். இரண்டு முறை குளியலறையில் வழுக்கி விழுந்தாகிவிட்டது. “பார்ப்போம், பிடித்தால் இருக்கிறேன், பிடிக்காவிட்டால் நீ வாயைத் திறக்கக் கூடாது” என்பது ஒப்பந்தம்.

மயிலம் வந்ததும் முருகனை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று வண்டி நின்று நின்று போயிற்று. எனக்கோ விழுப்புரம் நெருங்க நெருங்க வயிற்றில் புளி கரைத்தது.

காரணம் இருக்கிறது. இதே விழுப்புரம் பக்கத்தில்தான் குண்டலப்புலியூர். அங்கே ஒரு காப்பகத்தில் முதியவர் ஒருவரைச் சேர்த்துவிட்டுப் போனவர்கள், பிறகு வந்து பார்த்தால் ஆளைக் காணோம்! விஷயம் உயர்நீதிமன்றம் வரை போயிற்று. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே நுழைந்தபோது, முறையான உரிமம் இல்லை என்று தெரிந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்களை வேறு இடங்களுக்கு மாற்றினார்கள்.

நாங்கள் பார்க்கப் போன இல்லம் சின்னது. திண்ணை வைத்த பழைய வீடு, 18 பேர். பெரியம்மா யாரிடமும் பேசாமல் நேரே சமையலறைக்குப் போய் ரசத்தின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். சமையல்காரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. “பல் இல்லாதவங்களுக்குக் குழைச்ச சாதம் தனியா வடிக்கிறேன்மா” என்றாள். காலை ஐந்து மணிக்குக் காபி. மாத்திரைகள் ஆளுக்கொரு டப்பாவில், மேலே பெயர் எழுதி. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை. இரவில் ஒரு நர்ஸ். அவசரம் என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சண்டை உண்டா என்றேன். “டி.வி. சீரியல் நேரத்தில் தினமும்!” என்றாள் நிர்வாகி அம்மாள்.

சமூகநலத் துறையின் பதிவுச் சான்றைக் கேட்டேன். கேட்கவே கூச்சமாயிருந்தது, ஆனால் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே எடுத்து வந்தாள். பார்வையாளர் நோட்டையும் புரட்டினேன். சில பெயர்கள் வாரா வாரம் வந்தன. சில அறைகளுக்கு யாருமே வந்ததாக இல்லை. அந்தப் பக்கங்களைச் சீக்கிரம் புரட்டிவிட்டேன்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, ஏழை முதியோர் 150 பேருக்கு இடமுள்ள இல்லத்தை அரசு அமைக்க‘லாம்’ என்கிறது அது. இந்த ‘லாம்’ இருக்கிறதே, நம் வீட்டு ஆண்கள் “ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை அடிக்கலாம்” என்பார்களே, அந்த ‘லாம்’தான்! ஆனால் முதியவரை வேண்டுமென்றே கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு என்பதை அது ‘லாம்’ போட்டு மழுப்பவில்லை.

பெரியம்மாவுக்குச் சட்டமெல்லாம் தேவைப்படவில்லை. அவள் கேட்டது ஒரே கேள்வி. “நான் வெளியே போகணும்னா யாரைக் கேக்கணும்?”

“யாரையும் கேக்க வேணாம் பாட்டி. நோட்டில எழுதிட்டுப் போங்க. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துடுங்க. வரலைன்னா நாங்க தேடி வருவோம்.”

வாசலில் ஒரு பாட்டி கீரைக்காரியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தாள். தெருக் கதவு முழுசாகத் திறந்திருந்தது. பெரியம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது வண்டியில் கூட்டம். விக்கிரவாண்டி வரை அவள் பேசவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று, ஒப்பந்தப்படி, நானும் வாயைத் திறக்கவில்லை. மயிலம் தாண்டியதும் என் முழங்கையைத் தட்டினாள்.

“அந்தக் கட்டிலுக்கடியில் என் வெண்கலப் பானையை வைக்க இடமிருக்குமான்னு கேட்டியா?”