ஆம்ப்ளிஃபயர் விற்ற கதை

பேரவை மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று செயலாளர் அண்ணன் கேட்டார். கவிதையெல்லாம் எனக்கு வராதுங்க, பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை விற்றதை வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். "இ.சி.இ. பையன் வேறென்ன எழுதுவான், எழுது" என்று சிரித்தார்.

நாங்கள் குமாரபாளையம் பக்கம். அப்பா பதினைந்து வயதிலிருந்து விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அந்த ஆம்ப்ளிஃபயரை அப்பா 2002-ல், கல்யாணத்துக்கு முன்னால், வாரச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து பவானியில் ஒரு ரேடியோ கடையில் சொல்லிவைத்துச் செய்து வாங்கினாராம். மரப்பெட்டி, முன்னால் அலுமினியத் தகடு, வால்யூம், பேஸ், ட்ரெபிள், பேலன்ஸ் என்று நான்கு நாப். பின்னால் ஹீட்சிங்க்கில் நான்கு டூ-என்-3055 டிரான்சிஸ்டர்கள் ஆமை மாதிரி உட்கார்ந்திருக்கும். தகட்டில் "ஸ்டீரியோ 200 வாட்ஸ்" என்று எழுதியிருக்கும். அதைத் துடைப்பது அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை. எங்களில் யாரும் தொடக் கூடாது!

போன தை மாதம் அவரே சொன்னார்: "கண்ணு, அது முந்தி மாதிரி இல்லடா. பாட்டு மங்கிப்போச்சு. ட்ரெபிளை முழுசாத் திருப்பி வெச்சாலும் சலங்கைச் சத்தம் கேக்கறதில்ல. வெலைக்குப் போறப்பவே தள்ளிடலாம். உன்ற பீஸுக்காவது ஆகும்."

விற்பதற்கு முன் சரிபார்த்துவிடலாம் என்று, எங்கள் சாரிடம் கேட்டு லேப்புக்கு எடுத்துப் போனேன். முதலில் 100 வாட்ஸ் பல்பை சீரியஸில் போட்டுத்தான் கரண்ட் கொடுத்தோம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், டிரான்சிஸ்டர் பிழைத்துக்கொள்ளும். பல்பு பளிச்சென்று மின்னிவிட்டு மங்கியது. நல்ல சகுனம். ஃபில்டர் கண்டென்சர் இரண்டும் தலை உப்பியிருந்தன. 4700 மைக்ரோஃபாரட் புதிது இரண்டு போட்டதும் 'ம்ம்ம்' என்ற ஹம் நின்றது. வால்யூம் கன்ட்ரோலில் கரகரப்பு. க்ளீனர் அடித்துப் பத்து தடவை திருப்பியதும் போய்விட்டது.

பிறகு ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் ரெசிஸ்டர் போட்டு, சிக்னல் ஜெனரேட்டரையும் சி.ஆர்.ஓ.வையும் மாட்டினோம். அலையின் தலை வெட்டுப்படாமல் கிடைத்தது 12.7 வோல்ட். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தால் ஒரு பக்கம் 20 வாட்ஸ். இரண்டும் சேர்த்து 40. 200 என்பது அந்தக் காலத்துக் கடைக்காரர்களின் பி.எம்.பி.ஓ. கணக்கு. அதற்கு ஒரு வரையறையே கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். போகட்டும். பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைத்து, 50 ஹெர்ட்ஸிலிருந்து 15,000 வரை ஒவ்வொன்றாகக் குறித்து செமி-லாக் தாளில் வரைந்தேன். கோடு மேசை மாதிரி நேராக ஓடியது. ட்ரெபிள் எங்கேயும் குறையவில்லை. ஸ்பீக்கரில் கோளாறோ என்று வீட்டுக்கு வந்து அதையும் பார்த்தேன். அதுவும் நன்றாகவே இருந்தது.

எனக்கு அப்போதே மனசில் தட்டியது. தறிப்பட்டறையில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் எல்லை என்கிறது சட்டம். அப்பா வேலை செய்யும் இடத்தில் செல்போனில் பார்த்தால் 97, 98 காட்டுகிறது. செல்போன் கணக்கு துல்லியமில்லை என்று கழித்தாலும் அதிகம்தான். இரைச்சலால் கெடும் காது பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முதலில் கெடும். உட்செவியில் இருக்கும் மெல்லிய மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. அம்மா எத்தனை வருஷமாய்ச் சொல்கிறார், "கூப்பிட்டா இந்த மனுசனுக்குக் காதுலயே விழறதில்ல" என்று. நாங்கள் அதைச் சண்டை என்று நினைத்திருந்தோம்.

அன்று ராத்திரி செல்போனிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வழியாக ஒவ்வொரு டோனாக விட்டேன். கேட்டால் கையைத் தூக்கச் சொன்னேன். 500-க்குத் தூக்கினார். 1000, 2000, தூக்கினார். 3000-க்கு யோசித்துத் தூக்கினார். 4000-க்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தங்கச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "போதும்ணா, நிறுத்து" என்று கத்தினாள்.

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு ஸ்பீக்கரைப் பார்த்தார். ரொம்ப நேரம் கழித்து, "அப்ப பொட்டில ஒண்ணுமில்லையா?" என்றார்.

"இல்லீங்கப்பா."

"அப்ப வெலையைக் கொறைக்க வேண்டாம்" என்று எழுந்து படுக்கப் போய்விட்டார்.

சொல்ல மறந்துவிட்டேன், அதற்கு முன்னால் அவர் போட்டிருந்த விலை 800 ரூபாய். ட்ரெபிள் இல்லாத பொருளை அதற்கு மேல் விற்றால் பாவம் என்பது அவர் கணக்கு. நான் இதை விற்கவே வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன். பீஸ் கட்டக் கடைசித் தேதி நெருங்கிவிட்டதே, நான் சொல்லி என்ன ஆகும்?

சலூன் கடை அண்ணன் வந்தார். "ஏனுங்ணா, 200 வாட்ஸா?" என்று தகட்டைப் பார்த்து அப்பாவிடம் கேட்டார். அப்பா என் பக்கம் கையைக் காட்டி, "தம்பிகிட்டக் கேளுங்க, அவந்தான் அளந்தான்" என்றார். பக்கத்துக்கு 20 என்று சொல்லி, கண்டென்சர் மாற்றியதையும் சொல்லி, கிராஃபையும் காட்டினேன். அவருக்குக் கிராஃப் புரியவில்லை. பாட்டுப் போட்டதும் புரிந்தது. "சலங்கையெல்லாம் துல்லியமா கேக்குதுங்ணா!" என்றார். அப்பா தலையாட்டினார். 2,600-க்கு முடிந்தது.

அடுத்த வாரம் அப்பாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஆடியோகிராம் எடுத்தோம். கண்ணாடி அறைக்குள் அவர் கையைத் தூக்குவதை வெளியிலிருந்து பார்த்தேன். கொடுத்த தாள் என் ரெகார்டு நோட்டுக் கிராஃப் மாதிரியேதான். கீழே ஹெர்ட்ஸ், பக்கத்தில் டெசிபல். 2000 வரை ஓரளவு நேராக வந்த கோடு 4000-ல் பள்ளத்தில் இறங்கி, 8000-ல் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் விளக்குவதற்கு முன்பே எனக்குப் படிக்கத் தெரிந்தது. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றுங்கள் என்றார்.

காதில் வைக்கும் நுரை அடைப்பான் ஐந்து ஜோடி வாங்கி வந்தேன். பஞ்சு வைத்தால் போதாதா என்றார் அப்பா. பஞ்சு ரொம்பக் கொஞ்சம்தான் தடுக்கும் என்றேன். நாடா ஓடுகிற சத்தத்தை வைத்துத்தான் தறியின் கோளாறு தெரியும், அதை அடைத்துவிட்டால் எப்படி என்பது அவருடைய பயம். எல்லாச் சத்தமும்தான் குறையும், அடி மாறினால் அப்போதும் தெரியும் என்று சொல்லி, ஒரு ஷிப்ட் கூடவே நின்றேன். மூன்றாவது நாள் பக்கத்துத் தறி அக்காவும் ஒரு ஜோடி கேட்டார்களாம். மிச்சமிருந்ததில் ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.