செம்பின் களிம்பு

ஐந்தருவிச் சாரற்காலம் ஒன்றில், எம் இல்லத்து ஸ்டீரியோவில் நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் கம்பீரக் குரல் கம்மியது. "என் காதுதான் போச்சு" என்று அத்தா பாட்டுக் கேட்பதையே விட்டார்கள்.

யாமோ கம்பியைக் குறைகூறினோம். தென்காசியில் தடித்த கம்பி வாங்கி மாட்டினோம், மாற்றமில்லை. பின்னரே கணக்கிட்டோம். 10 மீட்டர் தொலைவிற்கு, 0.5 சதுர மி.மீ. செப்புக்கம்பி போகவர ஏறத்தாழ 0.7 ஓம் தடை தரும், 2.5 சதுர மி.மீ. கம்பி 0.14 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு இரண்டுமே சிறிது.

பெட்டியின் பின்புறம் நோக்கினோம்: இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு! சுரண்டித் துடைத்துப் பழைய கம்பியையே பூட்டினோம். குரல் கணீரென எழுந்தது. அத்தா கண்கலங்கி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள்.

உயிரின் மாசுக்குச் செம்பின் களிம்பை உவமை கூறும் சைவ சித்தாந்தம். புதியது தேடுமுன் மாசு துடைப்போம். முதியோர் குறையென்று முடிவுகட்டாதிருப்போம்.