கனகராயன் ஆற்றில் ஒரு காலை வகுப்பு

வன்னியில் ஆறு ஆண்டு முழுவதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் கரைபுரளும். மாசி, பங்குனியில் தெளிந்து முழங்காலளவுக்கு இறங்கும். ஆடி, ஆவணியில் வெறும் மணல்தான் கிடக்கும். பாடநூல் படத்தில் வரும் ஆறோ மலையில் பிறந்து, அருவியாய் விழுந்து, வற்றாமல் கடலைச் சேர்கிறது. 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலிக்கு அந்தப் படம் பொருந்தும். அதை மனப்பாடம் செய்த மாங்குளத்துப் பிள்ளை, தன் ஊர் மணற்படுக்கையை ஆறு என்றே எண்ணாமல் வளர்ந்துவிடலாம். ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளை இங்கே ஆற்றுக்கு அழைத்துப் போகும்போது முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுதான்.

இலங்கைப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவுக்குச் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ ஒரு தனிப் பாடம். பார்த்தும் தொட்டும் செய்தும் கற்பதற்காகவே அமைந்தது. நடைமுறையில் தரம் 4 வந்ததுமே புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்கம் தொடங்கிவிடுகிறது. மாதிரி வினாத்தாள்கள் வகுப்பறையை நிரப்பிவிடுகின்றன. ஆற்றங்கரை வகுப்புக்கு ஏற்ற வயது தரம் 3 என்று சொல்வதற்கு உளவியல் காரணங்களைத் தேட வேண்டாம்; இந்தக் காரணமே போதும். கல்விச் சுற்றுலா என்றால் பஸ் பிடித்துக் கண்டி, பேராதனை, நுவரெலியா என்று போய்வருவது வழக்கம். பிள்ளைகள் மகிழ்வார்கள், அதில் குறையில்லை. ஆனால் அந்தப் பயணத்தில் ஆறு என்பது பஸ் பாலத்தைக் கடக்கும் அரை நிமிடம் மட்டுமே. நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஆறே சிறுவருக்கு நல்ல பாடம். அங்கே இன்னொரு முறையும் போகலாம்.

கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் தோன்றி, வடக்கு நோக்கி முல்லைத்தீவு மாவட்டத்தினூடாகக் கிளிநொச்சிக்கு வருகிறது. நீளம் ஏறத்தாழ 86 கிலோமீற்றர். இதற்கு மலை கிடையாது. காட்டில் பெய்த மழை சிறு ஓடைகளாகக் கூடி ஆறாகிறது. வழியில் இரணைமடுக் குளம் அதை மறித்து நிற்கிறது. 1902இல் தொடங்கி 1921இல் முடிந்த அந்தக் குளக்கட்டு பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது. மாரியில் வானொலிச் செய்தி கேட்கும் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் ‘இரணைமடு 36 அடி’ என்ற கணக்கு காதில் விழுந்திருக்கும். அந்த அளவை எட்டினால் வான்கதவு திறக்கும். துருசு வழியாகப் போகும் நீர் வாய்க்கால்களில் பிரிந்து வயலுக்குப் பாய, வான் பாயும் நீர் வடக்கே சுண்டிக்குளம் கடனீரேரியில் கலக்கிறது. குளத்தையும் வயலையும் விட்டுவிட்டு ஆற்றை மட்டும் தனியாகக் கற்பிப்பது வன்னியில் அரைப் பாடம்தான். சோற்றுக் கோப்பையிலிருந்து பின்னோக்கிப் போனால் வயல், வாய்க்கால், துருசு, குளம், ஆறு, காடு என்று பிள்ளையே வரிசை சொல்லிவிடும்.

போகும் காலத்தைத் தேர்வது பாதி வேலை. மார்கழியில் ஆற்றுப் பக்கம் போகவே கூடாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூடிய வெள்ளம் ஊரவர் எவருக்கும் மறக்காது. பங்குனி முற்பகல் நல்லது. நீர் இறங்கி அடி தெரியும்; கரையோரத்து மருத மரங்கள் நிழல் தரும். விடிகாலையில் ஆற்றங்கரை யானை காட்டுக்குத் திரும்பும் வழியாக இருக்கலாம் என்பதால் எட்டு மணிக்குப் பிறகு கிளம்புவது ஊர் வழக்கத்துக்கும் ஒத்தது.

கரையில் முதல் வேலை பார்ப்பதுதான், பேசுவதல்ல. பத்து நிமிடம் வாய் மூடியிருந்தால் மீன்கொத்தியும் நீர்க்காகமும் தாமாகவே வரும். பிறகு ஓட்டத்தை அளக்கலாம். கரையோரமாகப் பத்து மீற்றருக்குக் கயிறு பிடித்து, மேற்புறத்தில் ஒரு காய்ந்த இலையை விட்டு, அது கீழ்ப்புறம் வந்து சேரும்வரை பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். வளைவின் வெளிப்பக்கம் விட்ட இலை முந்திவரும்; உட்பக்கத்து இலை சுணங்கும். வெளிக்கரை செங்குத்தாக அரிந்திருப்பதும் உட்கரையில் மணல் திட்டாய்ச் சேர்ந்திருப்பதும் எதனால் என்பதை அதற்குப் பிறகு ஆசிரியை விளக்கத் தேவையிராது.

அடுத்தது போத்தல். ஆற்றடி மண்ணில் ஒரு பிடியும் நீரும் விட்டு மூடிக் குலுக்கி வைத்தால், மணல் கையை எடுப்பதற்குள் அடியில் அமர்ந்துவிடும். வண்டல் மெல்ல மெல்லப் படியும். களி அன்று முழுவதும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். அந்தப் போத்தலை வகுப்பறைச் சன்னலில் வைத்தால் மறுநாள் காலையில் மூன்று படைகளும் தெரியும். வெள்ளம் வயலில் எதை விட்டுப்போகிறது, குளத்தடியில் ஏன் சேறு சேர்கிறது என்ற பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.

பிள்ளைகளுக்கு மிகப் பிடித்த பகுதி பூச்சிகள். ஒரு வெள்ளைத் தட்டமும் தேநீர் வடியும் கைவில்லையும் போதும். கரையோரப் புல்லின் வேரை நீருக்குள் அசைத்து வடியால் அள்ளித் தட்டத்தில் கவிழ்த்தால் தும்பிக் குடம்பி கிடைக்கும். சாம்பல் நிறம், ஆறு கால். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. அதன் கீழுதடு மடித்துவைத்த கைபோல் முகத்துக்கு அடியில் இருக்கும். நுளம்புக் குடம்பி ஒன்று பக்கத்தில் நெளிந்தால் அந்தக் கை கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். இதை ஒருமுறை கண்ட பிள்ளை, டெங்கு பற்றிய சுவரொட்டியை வேறு கண்ணால் பார்க்கும். ஓட்டமுள்ள தெளிந்த நீரில் ஈசல் போன்ற மென்பூச்சிகளின் குடம்பிகளும், ஒட்சிசன் குறைந்த அழுக்குத் தேக்கத்தில் சிவந்த புழுக்களும் கிடைக்கும். அந்தச் சிவப்பு நம் இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபின் வகையைச் சேர்ந்தது. கிடைக்கும் கொஞ்ச ஒட்சிசனைப் பிடித்துவைக்க உதவுகிறது. எந்தப் பூச்சி எங்கே கிடைத்தது என்று குறித்தாலே நீரின் தரத்தைப் பற்றி ஓரளவு சொல்லிவிடலாம். உலகெங்கும் ஆற்று ஆய்வாளர்கள் கையாளும் முறையும் இதுவே. பார்த்து முடிந்ததும் தட்டத்தை எடுத்த இடத்திலேயே கவிழ்க்க வேண்டும். மீன்களில் திலாப்பியா கட்டாயம் கண்ணில் படும். 1952இல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன், இன்று குளத்து மீனவரின் பிழைப்பு. அதை வேண்டாத மீன் என்று பிள்ளைகளிடம் சொல்வதும், நம் ஊர் மீன் என்று சொல்வதும் இரண்டும் அவசரம்.

இந்த வகுப்பின் உயிர் இரண்டாம் பயணத்தில் இருக்கிறது. ஆவணியில் அதே இடத்துக்குப் போனால் நீர் இல்லை. ‘ஆறு எங்கே போனது?’ என்று கேட்டுவிட்டு, படுக்கையின் தாழ்வான இடத்தில் பிள்ளைகளைக் கையால் தோண்டவிட வேண்டும். மேல்மணல் சுடும். ஒரு சாண் ஆழத்தில் நிறம் மாறி ஈரம் தட்டும். நல்ல இடமாக அமைந்தால் முழங்கையளவில் மணல் சரியத் தொடங்கி, குழியின் அடியில் நீர் ஊறும். முதலில் கலங்கல்; இரண்டுமுறை இறைத்துவிட்டுப் பொறுத்தால் தெளிவு. வரட்சியில் ஊரவர் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்ததும் யானை காலால் கிளறிக் குடிப்பதும் இந்த நீரைத்தான். கரையோரக் கிணறுகளும் இதை நம்பியே இருக்கின்றன.

மணல் அகழ்வின் கேட்டைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய இடமும் இந்தக் குழிதான். போருக்குப் பின் வீடு, வீதி என்று கட்டுமானம் பெருகியபோது வன்னி ஆற்று மணலுக்குப் பெருங்கிராக்கி வந்தது. அனுமதியோடும் இல்லாமலும் டிப்பர்கள் ஓடின. மணல் போனால் நீரைப் பிடித்துவைக்கும் படுக்கை போகிறது, கரை இடிகிறது, கிணறு வற்றுகிறது. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளையின் தகப்பன் டிப்பர் ஓட்டுபவராக இருக்கலாம். இன்னொரு பிள்ளையின் வீடே அந்த மணலால் எழுந்ததாக இருக்கலாம். ஆகவே கள்ளன், பாவி என்ற பேச்சு வேண்டாம். எவ்வளவு மணலை எடுத்தால் ஊற்று நிற்கும் என்ற கேள்வியோடு விட்டுவிடுவது மேல்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை வன்னிக்குக் கூடுதலான ஒரு நிபந்தனை உண்டு. 2009இல் போர் முடிந்தது. மிதிவெடி அகற்றும் வேலை அதன்பின் ஆண்டுக்கணக்காக நீண்டது. வெள்ளம் வெடிபொருளை இடம் மாற்றவும் கூடும். எனவே ஆசிரியர் முன்கூட்டியே கிராம அலுவலரிடமும் அந்தக் கரையில் கமம் செய்பவரிடமும் கேட்டு, மாடும் மனிதரும் தினமும் நடக்கும் துறையையே தெரிவுசெய்ய வேண்டும். தெரியாத உலோகப் பொருளைத் தொடக்கூடாது, தடத்தை விட்டு விலகக்கூடாது என்பதைப் பிள்ளைகள் புறப்படுமுன் திருப்பிச் சொல்ல வேண்டும். கோடையில் எஞ்சும் மடுக்களில் முதலை ஒதுங்கும். அங்கே கரையோடு நின்றுவிட வேண்டும். காலில் புண் உள்ள பிள்ளையை எலிக்காய்ச்சல் பயத்தால் நீரில் இறக்குவதில்லை. குளத்துக்குக் கீழ்ப்புறம் போவதானால் வான்கதவு திறக்கும் நிலை உண்டா என்று நீர்ப்பாசனத் திணைக்களத்தில் கேட்டறிய வேண்டும். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் பெற்றோரின் கையொப்பமும் வழமையானவை. பெற்றோரில் இருவர் மூவர் கூட வந்தால் துணையும் ஆகும். மரத்தின் பெயரும் மீனின் பெயரும் ஆசிரியரைவிட அவர்களுக்கே அதிகம் தெரிந்திருக்கும்.

திரும்பி வந்தபின் கட்டுரை எழுதச் சொல்வது பழைய பழக்கம். எட்டு வயதுப் பிள்ளைக்குப் படமே எளிது. ஒரே தாளை இரண்டாக மடித்து, பங்குனி ஆற்றை ஒரு பக்கமும் ஆவணி ஆற்றை மறுபக்கமும் வரையலாம்.

கனகராயன் ஆற்றிலிருந்து தொலைவில் உள்ள பாடசாலைகளுக்கும் வழியுண்டு. துணுக்காய்ப் பக்கத்தவருக்கு வவுனிக்குளத்தை நிரப்பும் பாலி ஆறு. ஒட்டுசுட்டான் பக்கத்தவருக்கு முத்தையன்கட்டுக் குளத்தின் பேராறு. வவுனியாவின் தெற்கே உள்ளவர்களுக்கு அருவி ஆற்றில் போய்ச் சேரும் ஓடைகள் இருக்கின்றன. கிளிநொச்சியின் கிழக்கே உள்ளவர்கள் சுண்டிக்குளத்துக்கே போகலாம். 1938இல் சரணாலயமாகவும் 2015இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. ஆற்று நீர் உவராக மாறுவதை நாக்கு நுனியிலேயே அறியலாம். பருவம் பார்த்துப் போனால் பூநாரைகளும் இருக்கும்.