பன்னிரண்டு அடி

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், திருவிழா இரவில் போட்ட படம் பாழாய்ப் போனதற்கு, படம் போட வந்த தம்பியின் மெஷின் காரணமில்லை. நான்தான் காரணம். அன்றிரவே அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பழி அவர்மேல் விழுந்தபோது பேசாமல் இருந்தேன். ஒரேயொரு தடவை வாய் திறந்தேன்; அதுவும் பழியை இறுக்கத்தான் உதவியது.

அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து ஆசிரியரானவன் நான். சம்பளம் போட்ட ஞாயிறுகளில் அப்பாவோடு டவுனுக்கு இறங்கி, கலரியில் உட்கார்ந்து படம் பார்த்த காலத்திலிருந்தே எனக்குத் திரைமேல் தீராத மோகம். எல்லாரும் கதையைப் பார்க்க, நான் தலைக்குமேல் போகும் வெளிச்சத்தைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். சம்பாதிக்கத் தொடங்கியதும் கொழும்புக்குப் போய்ப் பார்த்தேன், பிறகு சென்னைக்கும் போனேன். வடபழனியில் ஐமேக்ஸ் திரைக்கு முன்னால் உட்கார்ந்து 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. 2022இல் வந்த அந்தப் படம்தான் ஐமேக்ஸில் வெளியான முதல் தமிழ்ப் படம். கடலும் குதிரைகளும் கண்ணின் ஓரம்வரை வந்து நின்றன. அந்த அனுபவத்தை இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஊர் திரும்பிய பிறகு நடந்துகொண்ட விதம்தான் தப்பு. ஆசிரியர் அறையில் யாராவது ஒரு படம் பார்த்ததாகச் சொன்னால், எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பேன். ஹட்டனில் என்றால், அது பார்த்ததாகாது என்பேன். சென்னையில் என்றால், எந்தத் திரை, லேசரா, பழைய விளக்கா என்று தோண்டுவேன். எனக்குத் தெரிந்தவை பொய்யுமில்லை. 1970இல் ஒசாகா கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டிய ஐமேக்ஸில், 70 மி.மீ. ஃபிலிம் படுக்கைவாட்டில் ஓடும். ஒரு சட்டகத்துக்குப் பதினைந்து துளை. அந்தப் படத்தின் உயரத்துக்கு அகலம் 1.43 மடங்கு. இன்று மால்களில் இருக்கும் டிஜிட்டல் ஐமேக்ஸ் பெரும்பாலும் 1.90, பெயர் ஒன்று, உயரம் வேறு. 2023இல் 'ஒப்பன்ஹைமர்' ஐமேக்ஸ் ஃபிலிமில் வந்தபோது ஒரு பிரதியின் நீளம் ஏறக்குறைய 11 மைல், எடை 600 இறாத்தல். இதையெல்லாம் அறிந்துகொள்வதில் குற்றமில்லை. ஆனால் இந்த அளவுகளை வைத்து நான் மனிதர்களை அளந்தேன். மெட்னி ஷோ பார்த்துவிட்டு வந்து ஆசையோடு கதை சொல்லும் பழக்கமுள்ள சக ஆசிரியர் ஒருவர், என்னிடம் படம் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். அதைக்கூட நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

திருவிழாக் கமிட்டி இளைஞர்கள் படம் போட வேண்டும் என்று வந்தபோது, பெரியவர்கள் ஏதாவது சிவாஜி படம் கேட்டார்கள். 'ராஜராஜ சோழன்' என்று நான் தீர்மானித்தேன். 1973இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த அந்தப் படம் தமிழின் முதல் சினிமாஸ்கோப். அகலத்துக்காகவே எடுத்த படத்தை அகலமாகத்தான் காட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

டவுனிலிருந்து வேனில் ப்ரொஜெக்டரோடு வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பன்னிரண்டு அடி அகலத்தில் சுருட்டி வைத்த நல்ல வெள்ளைத் திரை ஒன்றும் கொண்டுவந்திருந்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாடப்போடும் மாடியின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கோயில் பக்கம் டியூப் லைட் வரிசை. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்தது.

"மாஸ்டர், லாம்பு கொஞ்சம் பழசு. வெளிச்சமும் நிறைய இருக்கு. பன்னெண்டு அடிக்கு மேல போகாதீங்க. ஆளுங்கள கிட்ட உக்கார வச்சா நல்லா தெரியும்."

நான் கேட்கவில்லை. கமிட்டியிடம் சொல்லி வெள்ளைத் துணி வாங்கி இருபத்துநாலு அடிக்கு முன்கூட்டியே தைக்க வைத்திருந்தேன். அவருடைய திரை வேனிலேயே கிடந்தது.

நான் கணக்குப் படிப்பிக்கிறவன். அகலத்தை இரட்டித்தால் பரப்பு நாலு மடங்காகும், அதே வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்பதை ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளையும் சொல்லும். அந்த மெஷினில் 3000 லூமன் என்று எழுதியிருந்தது. இந்த விளக்குகளின் ஆயுளே வெளிச்சம் பாதியாகும்வரை என்றுதான் கணக்கு. ஆகவே பழைய விளக்குக்கு 2000 என்று வைப்போம். இருபத்துநாலு அடித் துணியின் பரப்பு 324 சதுர அடி. சதுர அடிக்கு ஆறு லூமன்தான் விழும். மெல்லிய துணி அதிலும் பாதியைப் பின்பக்கம் கசியவிடும். மிச்சம் மூன்று. படமாளிகைத் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட், இந்தக் கணக்கில் சதுர அடிக்குப் பதினாலு லூமன், பிரகாசம் இருக்க வேண்டும் என்பது உலகம் ஒத்துக்கொண்ட அளவு. அதுவும் கும்மிருட்டான அரங்கில். அவருடைய பன்னிரண்டு அடித் திரையென்றால் 81 சதுர அடி, இருபத்துநாலுக்கு மேலேயே கிடைத்திருக்கும். பக்கத்து விளக்குகளைச் சமாளிக்க அது போதும்.

திரை பெரிதாக மெஷினும் பின்னால் போக வேண்டும். பதினெட்டு அடியில் நிற்க வேண்டியதை முப்பத்தாறு அடிக்குத் தள்ளினோம். அவ்வளவு தூரமும் பனி. களத்தின் குறுக்கே வெளிச்சம் வெள்ளைத் தூணாகத் திரண்டு நின்றதே தவிர, துணியில் சாம்பல் நிழல்கள்தான் அசைந்தன. சிவாஜியின் குரல் கணீரென்று கேட்டது, முகம் தெரியவில்லை. பிள்ளைகள் சிலர் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, எழுத்தெல்லாம் இடம்வலம் மாறி ஓடுவதைப் பார்த்துக் கத்தினார்கள். கசிந்த வெளிச்சம் அங்கேயும் அதே அளவு இருந்தது. முன்வரிசைச் சாக்கில் உட்கார்ந்திருந்த கொழுந்தெடுக்கும் பாட்டி ஒருவர், "யாரு பேசுறாங்கன்னு தெரியலயே மாஸ்டர்" என்று கேட்டார். பழகப் பழகக் கண்ணுக்குத் தெரியும் என்று சொன்னேன். இடைவேளைக்கு முன்பே கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்துபோனார். அவருக்குப் பின்னால் பாதிக் களம் காலியானது.

அப்போதும் நிறுத்தியிருக்கலாம். துணியை இறக்கி, அவருடைய திரையைக் கட்டி, மெஷினை முன்னால் கொண்டுவர இருபது நிமிடம் போதும். பெரிய திரைப் பெருமை பேசும் மாஸ்டர் எல்லார் முன்னாலும் சின்னத் திரைக்கு இறங்குவதா என்ற ஒரே காரணத்துக்காகக் கடைசிவரை ஓடவிட்டேன்.

களத்தில் 16 மி.மீ. மெஷின் வைத்துப் படம் போட்ட பழைய ஒபரேட்டர்களுக்கு, வெளிச்சத்துக்கு ஏற்ற அளவில் திரை கட்டுவது பாலபாடம். அந்த ஃபிலிமின் சட்டகம் விரல் நகத்தளவு; வெளிச்சமும் கொஞ்சம்தான். இலங்கையின் முதல் தமிழ்ப் படமான 'சமுதாயம்' 1962இல் 16 மி.மீ.யில்தான் வந்தது. அடுத்த ஆண்டு 'தோட்டக்காரி' 35 மி.மீ.யில் வந்தது. இந்த வரலாற்றை மேடை கிடைத்தால் ஒப்பிக்கும் எனக்கு, படத்தைச் சின்னதாக வைத்துச் சனத்தைக் கிட்டத்தில் உட்காரவைக்கும் அந்த அறிவு புத்தியில் ஏறவில்லை. பன்னிரண்டு அடித் திரையைப் பதினெட்டு அடித் தூரத்திலிருந்து பார்த்தால் கண்ணில் ஏறத்தாழ 37 பாகை விரியும். பெரிய அரங்குகளின் பின்வரிசைக்கும் 36 பாகை இருந்தால் நல்லது என்றுதான் வல்லுநர்கள் சொல்கிறார்கள். நான் துரத்திய அகலம், வேனுக்குள் சுருட்டியபடி இருந்தது.

அடுத்த நாள் கமிட்டி கூடியது. மெஷின் சரியில்லை, ஏமாற்றிவிட்டான் என்று பேச்சு. வாடகையில் பாதியைத்தான் கொடுப்போம் என்றார்கள். அந்தத் தம்பி என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் மாஸ்டர் என்ற பார்வை அது. தலைவரும் என்னிடமே கேட்டார்: "ஒங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும். என்ன மாஸ்டர் கோளாறு?"

"லாம்பு பழசுதான்" என்றேன்.

சொல்லில் பொய்யில்லை. சொன்ன இடத்தில் அதைவிடப் பெரிய பொய் இருந்திருக்க முடியாது. அவர் வாதாடவில்லை. பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு வேனில் ஏறினார். அந்தப் பேச்சு தோட்டத்தின் மற்ற டிவிசன்களுக்கும் மற்றத் தோட்டங்களுக்கும் பரவி, அவருக்குப் படம் குறைந்தது. கொஞ்சக் காலத்தில் மெஷினை விற்றுவிட்டுக் கொழும்பில் கடை வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட பிறகும் வருடக்கணக்கில் சும்மா இருந்தேன். பிள்ளைகளுக்கு விகிதசமம் படிப்பிக்கும்போதெல்லாம் அந்த 324ம் 81ம் தொண்டைவரை வந்தன. விழுங்கிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போனேன்.

அண்மையில் கமிட்டியில் எழுந்து நடந்ததைச் சொன்னேன். பழைய கதையை இப்போது ஏன் கிளறுகிறீர்கள் என்றார்கள். மிச்ச வாடகையை என் கையிலிருந்து அனுப்பிவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன். காசைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"கமிட்டியில சொன்னது சரிங்க மாஸ்டர். மேல் டிவிசன்ல சொன்னீங்களா? அங்கதான் எனக்கு மொதல்ல படம் நின்னுச்சு."

மேல் டிவிசனுக்குப் போய்ச் சொன்னேன். மற்றத் தோட்டங்களில் அன்றைக்கு அவரை வேண்டாமென்றவர்கள் இப்போது அங்கே இல்லை. சிலர் ஓய்வு பெற்று ஊர் மாறிவிட்டார்கள், சிலர் வெளிநாட்டில். அவர்கள் எங்கே இருந்தாலும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அந்தத் தம்பி கொண்டுவந்த மெஷின் நல்ல மெஷின், திரை நல்ல திரை. அவர் சொன்ன அளவு சரியான அளவு.